கன்னத்தில் ஒரு புள்ளி

பிளெக்ஸ் கடை மானிட்டரில், தலைவரின் கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. நான்கு மணிக்குத் தலைவரின் கார் ஊருக்குள் வந்துவிடும். வட்டச் செயலாளர் மாசிலாமணி நாற்காலியில் உட்காரவே இல்லை.

"அழிம்மா ரெஜினா, என் பதவியே போயிரும்."

ரெஜினா திரையைத் துடைத்தாள். ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். புள்ளி போகவில்லை.

"படத்துல இல்லண்ணே, மானிட்டர்லதான் கோளாறு. பிரிண்ட்ல வராது."

"வராதுன்னு நீ சொல்ற. முதல்ல தலைவரை நகர்த்து."

பேனர் படத்தை மொத்தமாக மேலே நகர்த்தினாள். புள்ளி, அதில் கீழே கும்பிட்டு நின்ற மாசிலாமணியின் நெற்றிக்கு வந்தது. அவர் அவசரமாகத் தன் நெற்றியைத் தடவினார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளும்மா."

அடுத்து, அவர் பதவிக்கு அலைந்துகொண்டிருந்த துணைச் செயலாளர் கதிரேசனின் மூக்கில் போய் உட்கார்ந்தது.

"நிறுத்து! இப்படியே அடி."

"பிரிண்ட்ல வராதுண்ணே."

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "வர்ற மாதிரி ஏதும் பண்ண முடியாதா?"