பதினோரு நிமிடத் தீர்ப்பு

குடும்ப நல நீதிபதி மங்கையர்க்கரசி எந்தத் தீர்ப்பில் கையெழுத்திட்டாலும், அது அந்த நொடியே மேல்முறையீட்டு இயந்திரத்துக்குப் போய்விடும். நாலே நிமிடத்தில் பதில் வந்துவிடும். அந்த ஆண்டில் மட்டும் அவருடைய முப்பத்தேழு தீர்ப்புகள் ரத்தாகியிருந்தன. ஆரம்பத்தில் கோபம் வந்தது, பிறகு வெட்கம். இப்போது இரண்டும் வருவதில்லை.

அன்று எஸ்தர் என்ற பெண்ணின் வழக்கு. குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவிடம் மகளை அனுப்பக் கூடாது என்று கேட்டிருந்தாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று நீதிபதிக்குத் தெரியும். இயந்திரம் குழந்தையை அப்பாவிடம்தான் அனுப்பும் என்பதும் தெரியும்.

"குழந்தை தாயிடமே இருக்க வேண்டும்" என்று வாசித்துக் கையெழுத்திட்டார்.

தீர்ப்பின் காகிதக் கட்டைப் பார்த்து கிளார்க் சுகுமார் மிரண்டுபோனார். "அறுநூறு பக்கமா மேடம்? எதுக்கு இவ்வளவு?"

"படிக்க அந்த மெஷினுக்கும் கொஞ்சம் நேரமாகும்ல" என்றார் நீதிபதி. பிறகு எஸ்தரைப் பார்த்து, "பதினோரு நிமிஷம் கிடைக்கும்மா. என்னால அவ்வளவுதான் முடிஞ்சுது" என்றார்.

எஸ்தர் அழவில்லை. கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரத் தொடங்கினாள். ஒரு பக்கம் பின்னி முடித்து, மறுபக்கத்து முடியை மூன்றாகப் பிரித்தபோது நீதிபதியின் மேசையில் இருந்த திரை இயந்திரத்தின் பதிலோடு ஒளிர்ந்தது. பெண் காவலர் வந்து குழந்தையின் கையைப் பிடித்தார்.

அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார் நீதிபதி.