கடைசி வரிசையில் கீனன்

மாலை ஆறு இருபத்தேழு. புள்ளியியல் தேர்வுக்கு இன்னும் மூன்று நிமிடம். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடும் கீனன் பயிற்சியிலிருந்து நேராக வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில், பனிக்கட்டிப் பை கட்டிய முழங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய சிவப்புக் கோடு.

"சனிக்கிழமை ஜெயிச்சுக் குடுத்துருவீல்ல, தலைவா?" என்று முன்வரிசை கோல்பி திரும்பிக் கேட்கிறான்.

"இதுல ஃபெயிலானா என்னை ஆடவே விடமாட்டாங்கடா."

எல்லோரும் சிரிக்கிறார்கள். அணி அலுவலகத்து ஆள் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, கீனன் வகுப்பில் இருப்பதைக் குறித்துக்கொண்டு போகிறார். கீனன் என் பக்கம் சாய்கிறான்.

"மூணாவது பாடம் மட்டும் சொல்லித் தர்றியா?"

எனக்கே அது சரியாகப் புரிந்ததா என்று யோசிப்பதற்குள் வினாத்தாள் வந்துவிடுகிறது. கீனன் பரவாயில்லை என்று தலையசைத்துவிட்டு, தேர்வு விதிப்படி, நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொள்கிறான்.