லாத்தாவின் கோப்பை

சுங்கை பினாங் பலகை வீட்டில் இரண்டே பேர்தான்: மளிகை வியாபாரத்தை விட்டு ஓய்ந்துபோன குலாம் காதரும் அவர் மனைவி மைமூன் பீவியும். ஆனால் அசர் தொழுகை முடிந்ததும் மைமூன் மூன்று கோப்பைகளில் தேநீர் ஊற்றுவாள். மூன்றாவது, போன வருஷம் கண்மூடி மௌத்தாகிப்போன அவள் அக்கா சுலைகா லாத்தாவுக்கு. அதை லாத்தாவின் பிரம்பு நாற்காலி முன்னால் கொண்டுபோய் வைப்பாள்.

இனிப்பு நீர் வியாதி மைமூனைப் பாடாய்ப் படுத்தியது. அவள் சிறுநீர் கழிக்க ஒதுங்கும் கொல்லைச் சாக்கடையோரம் எப்போதும் எறும்பு மொய்த்துக் கிடக்கும். லாத்தா போனபிறகு மனசும் விட்டுப்போனது. தொழுததைக்கூட மறந்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அப்பேர்ப்பட்டவள் லாத்தாவின் கோப்பையில் மூன்று கரண்டி சீனி போட ஒருநாளும் மறந்ததில்லை. தன் கோப்பையில் ஒரு துளி போட்டுக்கொண்டதுமில்லை. என்ன பொம்பளை இவள் என்று குலாம் காதர் மலைத்துப்போவார்.

அன்றைக்கு, வீணாகிறதே என்று அந்தத் தேநீரை எடுத்துக் குடித்தார். எடுக்கும்போது கோப்பை நிறைய இருந்தது. இனிப்பு மட்டும் இல்லை. ஆக, இதையும் மறந்துவிட்டாள்.

“சீனி போட மறந்துட்டியா, மைமூன்?”

“போட்டேனே. லாத்தா எடுத்துக்கிட்டாக.” பல மாதம் கழித்து அவள் சிரித்தாள். “உனக்குத்தான் ஆகாதே, உன் ஒடம்புல உள்ள சீனியையும் குடுத்துருன்னாக. குடுத்துட்டேன்.”

கோப்பையைக் கழுவ அவர் கொல்லைக்குப் போனார். சாக்கடையோரம் ஓர் எறும்பைக்கூடக் காணோம். திரும்பி வந்தார். லாத்தாவின் நாற்காலி காலியாக இருந்தது. அதன் இருக்கை முழுக்க எறும்பு கறுப்பாக மொய்த்திருந்தது.