சோயாவுக்குப் பதிலாக

புட்டியைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

உள்ளங்கையில் தட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் கறுப்பாய் ஒரு வளையம் மட்டும் காய்ந்து கிடந்தது.

அடுப்பில் நூடுல்ஸ் வெந்துகொண்டிருந்தது.

போன மாதம் வாங்கிய சோயா சாஸ். அதன்பிறகு இந்த வீட்டில் கஞ்சியும் ரசமும்தான். ஒருநாளும் புட்டியை அவள் திறக்கவில்லை.

பிறகு எங்கே போயிற்று?

அந்தத் தேக்கரண்டி நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் அவள் பால் வாங்கித் திரும்பும்போது கழுவுதொட்டியில் ஒற்றைத் தேக்கரண்டி கிடக்கும். அதன் குழிவில் கறுப்பாய் ஒரு துளி. இருமல் மருந்து என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் கழுவி வைத்தாள்.

மருந்து இல்லை.

அவள் கணவன் தன் நாக்கைச் சோதித்துப் பார்த்திருக்கிறான். நாள் தவறாமல். அவளுக்குத் தெரியாமல்.

பதினெட்டு வருடம் ஓட்டலில் சைனீஸ் மாஸ்டராக நின்றவன். சாஸ் தீர்ந்தால் அடுப்பை அணைக்க வேண்டும், பதிலுக்கு வேறொன்றை ஊற்றக் கூடாது என்பது அவன் சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேசையெல்லாம் ஆள் நிரம்பியிருந்தபோதே அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் ருசியையும் வாரிக்கொண்டு போயிற்று. இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

பதினொரு மணிக்கு ஓட்டல் முதலாளி வருகிறார். நாளை முதல் வேலைக்கு வர முடியுமா, வேறு மாஸ்டரைப் பார்க்கட்டுமா என்று கேட்டுப் போக.

"என் பக்குவத்துலயே ஒரு தட்டு போடு. தின்னு பாத்துட்டு அண்ணாச்சிகிட்டச் சொல்லிருதேன். நாக்கு இல்லாம அடுப்பு முன்னால நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறான்.

மணி பத்தரை. தெருமுக்குக் கடையில் சோயா சாஸ் கிடையாது. பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போய் வந்தால் பகல் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும்.

புட்டியைக் காலி செய்ததையே அவன் மறந்துவிட்டான் போல. தீர்ந்துவிட்டது என்று அவனிடம் சொல்லலாம். சொன்னால், அந்தத் தேக்கரண்டியைக் கண்டுகொண்டதையும் சொன்னதாகிவிடும்.

சொல்லவில்லை.

புட்டிக்குள் வெந்நீர் விட்டுக் குலுக்கினாள். வெளுத்த தேநீர்போல வந்தது. போதாது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். புளியைக் கெட்டியாகக் கரைத்துச் சேர்த்தாள். உப்புக்கும் அந்தப் பழைய நெடிக்கும் எங்கே போவது? நார்த்தங்காய் ஜாடியைச் சாய்த்து, அடியில் நின்ற தண்ணீரை இரண்டு கரண்டி ஊற்றினாள்.

கொதித்துக் கறுத்தது. கண்ணுக்குச் சோயாதான்.

அவனுக்கு இப்போது கண் மட்டுந்தானே இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததற்காக நெஞ்சு சுட்டது.

தட்டைக் கொண்டுபோய் அவன் முன் வைத்தாள்.

முதல் வாய். மென்றான். விழுங்கினான்.

"நல்லா இருக்கு. நிறம் சரியா வந்திருக்கு."

அவள் முந்தானை நுனியைப் பற்றிக்கொண்டாள்.

நாற்பத்திரண்டு நாளாக இதே பேச்சு. உப்பில்லாத ரசத்துக்கும் நல்லா இருக்கு. அடிப்பிடித்த கஞ்சிக்கும் நல்லா இருக்கு. கல்யாணமான நாள் முதல் அவள் சமையலில் ஒரு குறையாவது சொல்லாமல் அவன் கை கழுவியதில்லை. அந்த வாய் அடங்கிப்போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் வாய்.

மெல்லுவது நின்றது.

கண்ணை மூடினான். தாடை மெதுவாக அசைந்தது. மறுபடியும் நின்றது.

"ஏட்டி கோமு."

"என்னங்க?"

"இதுல கருப்பட்டியா போட்ட?"

அவள் தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

அவன் மூன்றாம் வாயை அள்ளித் திணித்துக்கொண்டான். "கருப்பட்டிதான். புளி. இன்னும் என்னமோ கெடக்கு... இரு, சொல்லாத. நார்த்தங்கா! உங்க அம்மா போட்ட நார்த்தங்கா! கூறுகெட்டவளே, நூடுல்ஸ்ல எவளாவது நார்த்தங்காத் தண்ணிய ஊத்துவாளா? இத மனுசன் திம்பானா?"

"பிடிக்கலன்னா வச்சிருங்க" என்றாள்.

"பிடிக்கவா? பதினெட்டு வருசத்துல இப்படி ஒரு கண்றாவிய நான் வாயில வச்சதில்ல!" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எந்த ஊர்லட்டி இதுக்குப் பேரு சோயா?"

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"மாஸ்டர், சொகமா இருக்கீரா?"

"அண்ணாச்சி! உள்ள வாங்க. இவ பண்ணி வச்சிருக்க கூத்த வந்து பாருங்க!"

சொல்லிக்கொண்டே அவனே வாசலுக்கு ஓடினான். வேட்டி தடுக்கியது. நிற்கவில்லை. கருப்பட்டி, புளி, நார்த்தங்காய் என்று அவன் தெருவுக்கே கேட்கும்படி ஒவ்வொன்றாக அடுக்குவது உள்ளே வரை வந்தது.

அவன் எழுந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

உண்மையிலேயே விழுங்க முடியவில்லை.

இன்னொரு வாய் எடுத்தாள்.