அட்டைப்பட அழகன்

"நானூத்திப் பன்னிரண்டு போட்டோ இருக்கு. அட்டையில போட உன் குளியல் போட்டோதான் கிடைச்சுதா?"

அக்கா ஸ்கேனர் மூடியைப் படாரென்று சாத்தினாள்.

"அட்டையில இந்த முகம்தான் வரணும். இல்லேன்னா புத்தகமே வேண்டாம்" என்றான் தம்பி.

அண்ணன், அக்கா, தம்பி மூன்று பேரும் சேர்ந்து, குடும்பத்தின் பழைய போட்டோக்களையெல்லாம் புத்தகமாக அச்சடித்து, வீட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதென்று ஏற்பாடு. நாளைக்குப் பேரன் பேத்திகள் பார்க்க வேண்டுமே!

அண்ணன் வீட்டு ஹாலில் கால் வைக்க இடமில்லை. அண்ணன் ஒவ்வொரு போட்டோவாகத் துடைத்துக் கொடுத்தார். அக்கா ஸ்கேன் செய்தாள். தம்பி அதிகாரம் செய்தான்.

தம்பிக்கு நாற்பது வயது. தலைமுடியை எண்ணிவிடலாம். ஆனால் அவன் சட்டம் போட்டுப் பொக்கிஷமாக வைத்திருந்த போட்டோவில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று, தலை கொள்ளாத சுருட்டை முடியோடு, அண்டாவுக்குள் உட்கார்ந்து பொக்கை வாயால் சிரித்தது.

"அம்மா அப்பா கல்யாண போட்டோவை அட்டையில போடேன்டா."

"அது உள்ளே வரட்டும்."

"என்னோடது?"

"உன் போட்டோ எல்லாத்துலயும் நீ அழுதுக்கிட்டே இருக்கே. புத்தகத்தைத் தொடவே பயப்படுவாங்க."

அண்ணி பெருமூச்சு விட்டாள். "இவருக்குத்தான் குழந்தையா இருந்த போட்டோ ஒண்ணுகூட இல்ல."

"எடுக்கப் போன கேமரா மயக்கம் போட்டிருக்கும் அண்ணி!" என்றான் தம்பி.

எல்லாரையும்விட அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தார்.

அச்சகத்திலிருந்து போன் வரவே, தம்பி பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான். அக்கா முனகியபடி சட்டத்தைப் பிரித்துப் போட்டோவை எடுத்தாள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை. அதன் கீழே தேதி.

விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"அண்ணா, கொஞ்சம் சமையலறைக்கு வா."

வந்தார்.

"இவன் பிறக்கறதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே அண்டாவுல உக்காந்து குளிச்சிருக்கானே, அது எப்படி?"

அண்ணன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "மெதுவா பேசு."

"இது நீயா?"

"அப்போ எனக்கு முடி நல்லாத்தான் இருந்தது."

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன் ஒண்ணாவது படிக்கறப்ப, ஸ்கூல்ல குழந்தையா இருந்த போட்டோ கொண்டு வரச் சொன்னாங்களாம். மூணாவது பிள்ளையை யாரு போட்டோ எடுத்தா? ஒண்ணுகூட இல்ல. 'என்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினீங்க'ன்னு ஒரே அழுகை. 'இந்தாடா, இதுதான் நீ'ன்னு எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் கூத்துன்னு நினைச்சேன். சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கக் காட்டிட்டான். அப்புறம் எப்படித் திருப்பிக் கேக்கறது?"

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"அம்மாதான் மூச்சு விடாதேன்னாங்க."

"எனக்குக்கூடச் சொல்லலையே!"

"உன் வாயில எது நிக்கும்?"

அக்கா முறைத்தாள். "அதுக்காக இத்தனை வருஷமா அவன் கிண்டலைக் கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"அவன் கிண்டல் பண்றப்பல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்காது. அழகு அழகுன்னு அவன் கொண்டாடுறது என் மூஞ்சியைத்தானே!"

"புத்தகத்துல தப்பா வரக்கூடாதுண்ணா. இப்பவே சொல்லிடறேன்."

அண்ணன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "சொன்னேன்னு வை, அவன்கிட்ட இருக்கிற ஒரே குழந்தைப் போட்டோவையும் பிடுங்கின மாதிரி ஆயிடும். வேண்டாம்மா."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கேன் செய்தாள். போட்டோவை மறுபடி சட்டத்துக்குள் அடைக்கும்போது, தம்பி மேல் வந்த கோபத்தில் ஆணியை இரண்டு அடி கூடுதலாகவே அடித்தாள்.

மூன்று வாரம் கழித்துப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு தம்பியே வந்தான். வழவழப்பான அட்டை முழுக்கச் சுருட்டை முடிக் குழந்தை.

"வந்துட்டார் உலக அழகன்" என்று முணுமுணுத்தாள் அக்கா.

அண்ணன் ஆசையாக முதல் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். தம்பி ஜன்னல் வழியாக எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா புத்தகத்தைப் பிடுங்கிச் சத்தமாக வாசித்தாள்.

"பத்தாவது படிக்கும்போது சட்டத்தின் கண்ணாடி உடைந்தது. அன்றே பின்பக்கத் தேதியைப் பார்த்துவிட்டேன். ஆசையாகக் கொடுத்தவர் மனசு கஷ்டப்படுமே என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால், நாளைக்குப் பேரப்பிள்ளைகள் ஆளை மாற்றி நினைத்துவிடக் கூடாது பாருங்கள்: அட்டையில் சிரிப்பது எங்கள் அண்ணன்!"