பாதி வார்த்தை

"உஸ்ஸ்ஸ்..."

விளக்கை அணைத்ததும் அந்தச் சத்தம். முந்தாநாள் கேட்டது. நேற்றும் கேட்டது. காதுக்குப் பக்கத்தில், யாரோ மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி. கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை. அறைக் கதவு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

"மாத்திரை பண்ற வேலையா இருக்கும். இல்லேன்னா பயம்" என்றார் அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது குட்டியைப் பார்த்துக்கொள்ள அண்ணி வந்திருந்தார்.

பயம்தான். விடிந்தால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு மறுநாள் ஆபரேஷன். "ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சாச்சு, தைரியமா வாங்க" என்று டாக்டரம்மா சொன்னதை ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால், அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சை அடைத்தது.

குட்டி எனக்கு முத்தம் தருவதில்லை.

நாலு வயது. முன்பெல்லாம் எச்சில் பண்ணியே என் முகத்தைக் கழுவிவிடுவாள். இப்போது நான் குனிந்தாலே திரும்பிக்கொள்கிறாள். இழுத்து அணைத்தால், உள்ளங்கையால் என் வாயை இறுக்கி மூடுகிறாள்.

அண்ணி வந்த நாளிலிருந்து இப்படி. வந்த அன்றைக்கே அவளைத் தன் அறையில் படுக்க வைத்துக்கொண்டவர் அவர். கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியாதா?

மாலையில் பையில் நைட்டியும் துண்டும் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணு" என்று கன்னத்தைக் காட்டினேன்.

குட்டி ஓடிப்போய் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப திருப்திதானே அண்ணி? இது ஒட்டிக்கிற வியாதி இல்ல. பிள்ளைகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

அண்ணி துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "நான் என்னத்தைச் சொல்றது? என்கிட்டயே நீ ஒண்ணும் சொல்லல. எங்கேன்னு கேட்டா 'லேடீஸ் ப்ராப்ளம்'ங்கறே. கான்வென்ட்ல படிச்சவ, டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல பொளந்து கட்டறே. தமிழ்ல அந்த இடத்துக்குப் பேரே இல்லியா?"

"பேச்சை மாத்தாதீங்க. அவளை ஏன் என்கிட்டேருந்து பிரிச்சீங்க?"

"தூக்கத்துல கழுதை மாதிரி உதைக்கறா. உன் வயித்துல பட்டா என்ன ஆறது?"

"நல்ல சாக்கு!"

அண்ணி துண்டைப் பையில் வைத்தார். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாப்பிடாமலே படுத்தேன். விளக்கை அணைத்தேன்.

"உஸ்ஸ்ஸ்..."

இந்தத் தடவை கண்ணைத் திறக்கவில்லை. சட்டென்று கையை மட்டும் நீட்டினேன். சின்னதாக, ஜில்லென்று ஒரு கை அகப்பட்டது.

விளக்கைப் போட்டேன். குட்டி!

"இங்க என்னடி பண்றே?"

"கத்தாதம்மா! அது முழிச்சுக்கும்."

"எது?"

"பாம்பு." என் வாயைக் காட்டினாள். "நான்தான் தெனமும் தூங்க வைக்கறேன். உஸ்ஸ்ஸ்..."

"என் வாய்ல பாம்பா? யாரு சொன்னா, அத்தையா?"

"நீதான் சொன்னே! பெரியம்மாகிட்ட போன்ல. 'வாய்ல புத்து'ன்னு. புத்துக்குள்ள பாம்புதானே இருக்கும்? என் புக்ல போட்டிருக்கே." குரல் உடைந்தது. "முத்தம் குடுத்தா அது முழிச்சுக்கிட்டு உன்னைக் கடிச்சுடும். அத்தை, 'அம்மாவுக்கு முத்தம் குடுடி'ன்னு தெனமும் திட்டறாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

அண்ணி வந்த அன்று அக்காவோடு போனில் பேசியபோது சிலிண்டர்காரர் வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. அந்நிய ஆண். 'கர்ப்பப்பை' என்ற முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் சொல்லி வைத்தேன். நான் விழுங்கியது இவள் நெஞ்சில் புற்று கட்டியிருக்கிறது.

அவளை மடியில் போட்டுக்கொண்டேன். முதல் தடவையாக அந்த வார்த்தையை முழுசாகச் சொன்னேன்.

"கர்ப்பப்பை வாய். பேசற வாய் இல்ல கண்ணு. வயித்துக்குள்ள பாப்பா இருக்கிற அறைதான் கர்ப்பப்பை. நீகூட அங்கதான் இருந்தே. அதோட வாசலுக்குப் பேரு வாய். அந்த வாசல்ல கெட்ட கட்டி ஒண்ணு வந்திருக்கு. பாம்பெல்லாம் இல்ல. டாக்டரம்மா எடுத்துடுவாங்க."

குட்டி யோசித்தாள்.

"நான் வெளிய வந்த வாசலா?"

"ஆமா."

"நான்தான் கதவைச் சாத்தாம வந்துட்டேனாம்மா?"

வாசற்படியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். படுக்கையில் குட்டியைக் காணாமல் தேடி வந்த அண்ணி, தலையணையோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீ ஒண்ணும் பண்ணலடா. யாருமே பண்ணல. அது தானா வந்தது" என்றேன்.

நம்பினாளா, தெரியாது. என் வாயிலேயே அழுத்தி ஒரு முத்தம் வைத்தாள்.

"அண்ணி, நான் உங்களைப் போய்..."

"தள்ளிப் படு. உதையை நான் வாங்கிக்கறேன்" என்று அண்ணி கட்டிலின் நடுவில் வந்து படுத்தார்.

குட்டி மட்டும் இறங்கிக் கதவருகே ஓடினாள். அவளுக்கு எட்டுகிற கீழ்த் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் போட்டாள். கதவை ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை நல்லா சாத்திட்டேன்மா."