ஒட்டிய வயிறு

காப்பகத்துக்கு வந்தபோது அந்தத் தெருநாய்க்குப் பட்டினியில் விலா எலும்பெல்லாம் துருத்திக்கொண்டிருந்தது. நாய் தேடி வந்த ஒரு தம்பதி, “ஒட்டின வயித்தைப் பாரு, அசல் சிப்பிப்பாறை! இந்த வேட்டைநாய் ஜாதி கிடைக்கிறதே அபூர்வம்” என்று பூரித்துப்போய், வேங்கை என்று பேர் வைத்துக் கூட்டிப்போனார்கள்.

நாலே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்.

“கடிச்சு வச்சியா?” என்று கேட்டது பக்கத்துக் கூண்டுக் கிழட்டுப் பொமரேனியன்.

“இல்லண்ணே. வேளாவேளைக்குச் சோறு போட்டாங்க. உடம்பு பூசிடுச்சு. ‘இது வெறும் தெருநாய்ங்க’ன்னு வந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. நானும் வயித்தை எக்கி எக்கி நின்னு பார்த்தேன்.”

“போகட்டும் விடு. சோறு வச்சிருக்காங்க, சாப்பிடு.”

வேங்கை தட்டை மூக்கால் தள்ளிவிட்டது.

“வேணாம்ண்ணே. அவங்க திரும்பி வந்தா என்னை அடையாளம் தெரியணும்ல.”